வீட்டை விற்ற பிறகு நாயோடும் பூனையோடும் வாடகை வீடு: திருநெல்வேலியில் 45 நாள்

சிந்துபூந்துறையில் அப்பா 1984-ல் கட்டிய வீட்டை போன ஆனி மாதம் கிரயம் செய்து கொடுத்தோம். அக்கா இரண்டு பேருக்கும் பங்கு கொடுக்க வேண்டியிருந்தது, என் கையில் அவ்வளவு பணம் இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளத்தில் தாமிரபரணி எங்கள் பட்டாசல் (கூடம்) வரைக்கும் வந்து போனது இன்னொரு காரணம். அதற்குப் பிறகு மழை கொட்டினால் அம்மாவுக்கு அந்த வீட்டில் தூக்கம் இல்லை. விற்றது சரிதான். விற்ற விதத்தில்தான் கோளாறு.

வீட்டில் நாங்கள் நான்கு பேர். 74 வயது அம்மா, மனைவி, பத்தாம் வகுப்பு படிக்கும் மகன், நான். அப்புறம் மணி. எட்டு வயது, சிப்பிப்பாறைக் கலப்பு, ஒல்லியான உடம்பு, நீளமான மூஞ்சி. அதிகம் குரைக்க மாட்டான், ஆனால் கேட் திறந்திருந்தால் ஓட்டம்தான். அடுத்து பஞ்சு. வெள்ளத்தன்று நனைந்துபோய் மச்சிப் படியில் ஏறி உட்கார்ந்த பூனை, அதற்குப் பிறகு இறங்கிப் போகவில்லை. இந்த இரண்டும் எங்கள் வீடு தேடலை என்ன பாடு படுத்தின, எங்கே வழி கிடைத்தது என்பதை விவரமாக எழுதி வைக்கிறேன். இதே நிலையில் இருக்கும் யாருக்காவது இரண்டு வாரமாவது மிச்சமாகும்.

ஒப்பந்தத்தில் விட்டுப்போனது

எங்கள் வீட்டை வாங்கியவர் அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறவர். வரைபட அனுமதி அது இது என்று அவருக்கே எப்படியும் சில மாதம் ஆகும். சித்திரையில் அட்வான்ஸ் வாங்கி ஒப்பந்தம் எழுதும்போதே, "கிரயம் முடிந்து இரண்டு மூன்று மாதம் நாங்கள் இருந்துகொள்கிறோம், வேண்டுமானால் வாடகை தருகிறோம்" என்று கேட்டிருந்தால் தந்திருப்பார். கேட்கவில்லை. விலையைப் பற்றி மூன்று நாள் பேசினோம், சுவாதீனம் கொடுக்கும் தேதியைப் பற்றி மூன்று நிமிடம்கூடப் பேசவில்லை. கிரயத்திலிருந்து 45 நாள் என்று எழுதியிருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன். பிறகு போய்க் கேட்டபோது அவர் வீட்டில் ஆவணியில் பூமி பூஜைக்கு நாள் குறித்துவிட்டார்கள்.

45-ஆவது நாள் ஆடியின் நடுவில் விழுந்தது. ஆடியில் நம்ம ஊரில் யாரும் குடி போக மாட்டார்கள். ஆக, ஆனி முடிவதற்குள் வீடு பார்த்துப் பால் காய்ச்சிவிட வேண்டும். கணக்குப் பார்த்தால் கையில் இருந்தது 25 நாள்தான். ஒப்பந்தம் எழுதும்போது எங்கள் யார் மனதிலும் மணி இல்லை. மனுஷருக்கு வீடு கிடைக்க 45 நாள் தாராளம், அந்த நினைப்பிலேயே இருந்துவிட்டோம்.

முதல் இரண்டு வாரம்

வீட்டுப் புரோக்கர் இருவரிடம் சொன்னோம். வீடு அமைந்தால் ஒரு மாத வாடகை கமிஷன். நாய் என்றதும் முதலாமவர் தந்த யோசனை இது: "அண்ணாச்சி, அந்தச் சோலிய இப்பம் சொல்லாதீங்க. பால் காய்ச்சி ஒரு வாரம் கழிச்சு மெதுவா கூட்டிட்டு வாங்க. வந்தப்புறம் யாரு என்ன சொல்லிருவா?"

எனக்குச் சபலம் தட்டியது என்பதை மறைக்கவில்லை. மனைவிதான் ஒத்துக்கொள்ளவில்லை. "நாயை ஒளிச்சு வைக்க முடியுமா? அது வெளிய போவும்லா, நாலு பேரு பாப்பாங்கல்லா" என்றாள். பொய்யில் தொடங்கினால் பிறகு குழாய் உடைந்தால்கூட வீட்டுக்காரரிடம் வாய் திறக்க முடியாது என்பது அவள் வாதம். சரி என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தோம்.

போனில் எல்லா வீட்டுக்காரர்களும் கேட்பது ஒரே வரிசை. பேமிலியா, எத்தனை பேர், சைவமா, என்ன ஆட்கள்? கடைசிக் கேள்வியை எவ்வளவு சாதாரணமாகக் கேட்கிறார்கள் என்பது தனியாக எழுத வேண்டிய விஷயம். நாய் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை, நாங்களாகத்தான் சொன்னோம். சொன்னதும் பாதிப் பேர், "தோதுப்படாதுங்க" என்று வைத்துவிட்டார்கள்.

இதில் இன்னொரு சிக்கல், வெள்ளம் கற்றுக்கொடுத்தது. நாய்க்கும் 74 வயது முழங்காலுக்கும் தரைத்தளம் வேண்டும். ஆற்றை ஒட்டிய வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம், மீனாட்சிபுரம் பக்கம் தரைத்தளம் என்றால் அம்மா கும்பிடு போட்டுவிட்டாள். ஆகவே ஆற்றைத் தாண்டித் தெற்கே, பாளையங்கோட்டைக்கும் அதற்கு அப்பாலும்தான் பார்க்க வேண்டியிருந்தது.

போய்ப் பார்த்த வீடுகளில் நான்கைச் சொல்கிறேன்.

பெருமாள்புரத்தில் ஒரு மாடி வீடு. கீழே வீட்டுக்கார அக்கா குடியிருந்தார். அம்மாவுக்குப் படி ஏற முடியுமா என்ற யோசனையோடுதான் போனோம். அந்த அக்காவுக்கு நாய் பிடிக்கும், மணியின் போட்டோவைப் பார்த்து, "ஏ அம்மா, எவ்ளோ அழகு" என்றார். ஆனால், "மச்சில வத்தல், வடகம், மொளவா எல்லாம் காயப் போடுவோம்லா. அங்கன நாய் போச்சுன்னா வீட்டுல பெரியவங்க சாப்பிட மாட்டாங்க." நியாயமான பேச்சு. மொட்டை மாடியில் மிளகாய் காயாத வீடு நம்ம ஊரில் ஏது?

தியாகராஜ நகரில் தனி வீடு, வீட்டுக்காரர் பின்பக்கப் போர்ஷனில். சுத்த சைவம். நாய்க்குத் தயிர்சாதம் மட்டும் போடுவதாக இருந்தால் யோசிக்கலாம் என்றார். மணி தயிர்சாதம் தின்பான். அம்மாதான் வெளியே வந்ததும், "அப்பம் ஞாயித்துக்கெழம நாம என்னல திங்கது?" என்று கேட்டாள்.

பாளையங்கோட்டைக்குள் பழைய வளவு ஒன்று. ஆறு குடும்பம், ஒரே முற்றம், ஒரே குழாயடி. அங்கே நாய் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, நாங்கள்தான் வேண்டாம் என்றோம். முற்றம் முழுக்கச் சின்னப் பிள்ளைகள். மணி யாரையும் கடித்ததில்லை. ஆனால் ஓடுகிற பிள்ளையைப் பார்த்தால் கூடவே ஓடுவான், அது அவன் ரத்தத்தில் இருப்பது. ஒரு பிள்ளை விழுந்தால் போதும்.

நான்காவது மகாராஜ நகரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. உரிமையாளர் சென்னையில், அவருக்கு ஆட்சேபம் இல்லை. சங்கத்துக்காரர்கள்தான் நாய் கூடாது என்றார்கள். இதற்கு என்னிடம் மருந்து இருந்தது. குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மை ஓட்டுப் போட்டால்கூட வளர்ப்புப் பிராணிக்குத் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட சுற்றறிக்கை. பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். செயலாளர் கண்ணாடி போட்டு முழுவதையும் படித்தார். "சரி சார், நீங்க சொல்றது சரிதான்" என்றார். அன்று சாயங்காலம் உரிமையாளர் சென்னையிலிருந்து கூப்பிட்டு, வீட்டை உறவினருக்குக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். அந்தச் சுற்றறிக்கை சங்கத்துக்குத்தான். தன் வீட்டை யாருக்கு விடுவது என்பது உரிமையாளர் இஷ்டம், அவரை அது கட்டுப்படுத்தாது. சொந்தமாக ஃப்ளாட் வைத்திருப்பவருக்குப் பயன்படுகிற காகிதத்தை வாடகைக்கு வருகிறவன் நீட்டினேன். வாதத்தில் ஜெயித்தேன், வீடு போனது.

பூனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பூனைக்கு இடம் என்ன வேண்டிக்கிடக்கிறது, அது பிரச்சினையே ஆகாது என்று நினைத்திருந்தோம். நேர்மாறாக நடந்தது. நாயை ஏற்றுக்கொண்ட ஒரு பெரியவர், "நாய்னா வீட்டுக்குக் காவல். பூனை குறுக்க போச்சுன்னா போற காரியம் வெளங்குமா?" என்று மறுத்தார். சகுனத்துக்குத் தடுப்பூசி போட்ட புத்தகத்தைக் காட்ட முடியுமா?

சொந்தக்காரர் யோசனை

இந்த இரண்டு வாரத்தில் உறவில் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். கோயில் வாசலில் கொண்டுபோய் விட்டுவிடு, சாப்பாட்டுக்குக் குறை இருக்காது என்றார் ஒரு சித்தப்பா. வளர்த்த பிராணியைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம் என்றேன். "இதுக்கெல்லாமா போலீசு வரும்" என்று சிரித்தார்.

விக்கிரமசிங்கபுரத்தில் அத்தான் ஒருவருக்குத் தோட்டம் உண்டு. அங்கே விடலாமா என்று உண்மையாகவே யோசித்தோம். அவரே தடுத்துவிட்டார். மலையடிவாரம், சிறுத்தை இறங்கினால் முதலில் தூக்குவது நாயைத்தான், போன வருஷம்கூட ஒன்று போச்சு என்றார். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

ஒத்தி

நம்ம பக்கம் வழக்கத்தில் இருக்கும் வழி இது. மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டால் மாத வாடகை கிடையாது, காலம் முடிந்து வெளியேறும்போது தொகை திரும்பி வரும். வீடு விற்றவன் கையில் பணம் இருக்கும் என்று இரண்டாவது புரோக்கருக்குத் தெரியும். "வாடகைக்காரன்னாத்தான் அதச் செய்யாத, இதச் செய்யாதம்பாங்க. ஒத்திக்கு எடுத்தா அது உங்க வீடு மாதிரிதான அண்ணாச்சி" என்றார். அது உண்மைதான். வி.எம். சத்திரம் பக்கம் அவர் காட்டிய வீட்டுக்காரர் நாயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்காததற்குக் காரணம் வில்லங்கம் போட்டுப் பார்த்தபோது தெரிந்தது. வீட்டின் மேல் ஏற்கெனவே வங்கி அடமானம் பதிவாகியிருந்தது. எங்கள் ஒத்திப் பணத்தை வாங்கித் தவணை கட்டுவது அவர் திட்டம். நாளை கடன் கட்டாமல் வீடு ஏலத்துக்குப் போனால் வங்கிக்குப் பின்னால்தான் ஒத்திக்காரன் நிற்க வேண்டும். அதிலும் அவர் வெறும் முத்திரைத்தாளில் எழுதிக்கொள்ளலாம் என்றார். ஒத்தி என்பது அடமானம், பதிவு செய்யாமல் எழுதினால் கோர்ட்டில் அதை வைத்து ஒத்திக்காரன் உரிமை பேசுவது கஷ்டம். அக்காக்களுக்குக் கொடுத்தது போக மீந்த பணத்தை நாய்க்காக அங்கே கொண்டுபோய்ப் போட மனம் வரவில்லை.

ஒத்தி கெட்டது என்று சொல்லவில்லை. வில்லங்கம் சுத்தமாக இருந்து, பதிவுக்கும் ஒத்துக்கொண்டால், பிராணி வைத்திருப்பவர்களுக்கு நெல்லையில் அதைவிட நல்ல வழி இல்லை என்றே நினைக்கிறேன். எங்களுக்கு அமையவில்லை.

நோட்டில் தெரிந்தது

மனைவி ஒரு பழைய நோட்டில் பார்த்த வீடு, கேட்ட வாடகை, மறுத்த காரணம் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தாள். தேரோட்டத்தன்று டவுனுக்குப் போய்விட்டு வந்து இரவு அதை உட்கார்ந்து படித்தோம். வத்தல், எலும்பு, கேட்டைத் திறந்து போடுவது, பேரப்பிள்ளைக்குப் பயம், காலையில் வாசல் கோலம். எதுவுமே பொதுவாக நாய் ஆகாது என்பதல்ல. அத்தனையும் அந்தந்த வீட்டுக்காரரின் அன்றாடத்தோடு ஒட்டிய காரணங்கள். அந்த அடுக்குமாடியைத் தவிர, நேரில் போய்ப் பார்த்து மறுக்கப்பட்ட அத்தனை வீட்டிலும் வீட்டுக்காரர் அதே காம்பவுண்டுக்குள் இருந்தார்.

அப்படியானால் நாய்க்கு ஒத்துக்கொள்ளும் மனசுள்ள வீட்டுக்காரரைத் தேடுவதில் அர்த்தமில்லை. வேறு இடத்தில் குடியிருக்கும் வீட்டுக்காரரைத் தேட வேண்டும். தனி வீடு, சுற்றுச்சுவர், தனிக் கேட், தனி மோட்டார். இந்த மாதிரி வீடுகள் புரோக்கர் கையில் அதிகம் வருவதில்லை. உரிமையாளர் வெளியூரில் இருப்பார், சாவி பக்கத்து வீட்டில் இருக்கும், போர்டுகூடத் தொங்காது. பூட்டிக் கிடக்கும் வீடு யாருக்குத் தெரியும்? பால்காரருக்கு, சிலிண்டர் போடுகிறவருக்கு, தேய்ப்பு வண்டிக்காரருக்கு. அவர்களிடம் சொல்லி வைத்த மூன்றாம் நாள், ரெட்டியார்பட்டி ரோட்டுப் பக்கம் பால் ஊற்றுகிறவர் ஒரு வீட்டைச் சொன்னார். சித்திரையிலிருந்து பூட்டிக் கிடக்கிறது, சார் பெங்களூரில் மகன் வீட்டில் இருக்கிறார், இப்போது ஊருக்கு வந்திருக்கிறார்.

ஓய்வு பெற்ற ஆசிரியர். முதலில் அவரும் மறுத்தார். ஆனால் ஆடி வந்துகொண்டிருந்தது அவருக்கும்தான். ஆனியில் விடாவிட்டால் ஆவணி வரைக்கும் வீடு சும்மா கிடக்கும், ஏற்கெனவே மூன்று மாத வாடகை போயிருந்தது. ஆடிக்கு முந்தின பத்து நாள் வாடகைக்கு வருகிறவர்களுக்கு நல்ல நேரம் என்பதை நாங்கள் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தோம்.

மனைவி அவரிடம் சொன்னது ஒன்றுதான் காரியத்தை முடித்தது: "சார், எங்க வீட்ட இன்னும் இடிக்கல. ஒரு நட வந்து பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க. எட்டு வருஷமா நாய் இருந்த வீடு."

வந்தார். அறை அறையாகப் பார்த்தார். மோந்து பார்த்தார் என்றே சொல்ல வேண்டும். தார்சாக் கதவின் அடியில் மணி குட்டியாக இருந்தபோது பிறாண்டிய தடம் இருந்தது, அதை நானே காட்டினேன். ஊசிப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். வெறிநாய் ஊசி வருஷம் தவறாமல் போட்டிருக்கிறோம், ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் கருத்தடை செய்த தேதியும் அதில் இருந்தது. பஞ்சு அலமாரி மேலிருந்து அவரைப் பார்த்தது. "பூனை எலி பிடிக்குமா?" என்று கேட்டார். பிடிக்கும் என்றோம். அவர் வீட்டில் எலித் தொல்லை இருந்திருக்கிறது. சகுனம் பார்க்கிறவர் இல்லை.

எட்டு வருடம் நாய் இருந்த வீட்டைவிட மணிக்குப் பெரிய நற்சான்று கிடையாது. அதைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. விற்றவர்கள் இதைக் காலி செய்வதற்கு முன் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

எழுதிக்கொண்டது

வாடகை 11,000. நாய்க்கென்று தனியாகப் பத்தாயிரம் சேர்த்து அட்வான்ஸ் கேட்டார். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. மகாராஜ நகரில் பட்ட புத்தியால் இந்த முறை சட்டத்தை முதலில் எடுக்கவில்லை. "என்னென்ன கெட்டுப் போகும்னு நெனைக்கீங்க சார்?" என்று கேட்டேன். கதவு பாலிஷ், ஜன்னல் கொசுவலை, கனகாம்பரப் பாத்தி, கிணற்று மூடி என்று நான்கைச் சொன்னார். நான்கையும் அப்படியே எழுதி, சேதமானால் நாங்களே சரிசெய்வது, இல்லையென்றால் முன்பணத்தில் கழிப்பது என்று போட்டோம். வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள் மீதியைத் திருப்ப வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. பத்தாயிரம் பேச்சு தானாக அடங்கியது, அட்வான்ஸ் 33,000-த்தில் நின்றது.

வேறு சில வரிகளும் உண்டு. ஒரு நாய், ஒரு பூனை. அவர் வீட்டைப் பார்க்க வருவதென்றால் ஒரு நாள் முன்னால் சொல்வார், நாங்கள் மணியைக் கட்டி வைப்போம். பக்கத்து வீட்டார் குறை சொன்னால் முதலில் எங்களிடம் சொல்லி இரண்டு வாரம் அவகாசம் தருவார். இவை இரண்டுக்கும் பதில் வேறு பிராணி கொண்டுவருவதென்றால் கேட்டுவிட்டுத்தான் என்ற கடைசி வரி என் மகனுக்குப் பிடிக்கவில்லை. "மணி செத்துருவான்னு எழுதுறீங்க" என்றான். எழுத வேண்டியிருந்தது. ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் இணையத்தில் பதிந்தோம். நம்ம பக்கம் பலர் பதினோரு மாதம் என்று தாளில் எழுதி டிராயரில் வைப்பதோடு சரி, ஆனால் பிராணி விஷயம் உள்ளே இருக்கும்போது பதிவுதான் பாதுகாப்பு.

அவரை இளக்கியதில் இன்னொன்றும் உண்டு. வீடு விற்ற லாபத்துக்கு வரிவிலக்கு வேண்டுமானால் இரண்டு வருடத்துக்குள் வேறு வீடு வாங்க வேண்டும், அல்லது மூன்று வருடத்துக்குள் கட்ட வேண்டும். நாங்கள் கட்டுவதாக இருக்கிறோம். அதனால் எப்படியும் இரண்டரை, மூன்று வருடம் இருப்போம் என்றதும் முகம் தெளிந்தது. பெங்களூரில் இருப்பவருக்கு வருஷா வருஷம் ஆள் தேடுவது பெரிய பாடு.

போன பிறகு

ஆனி கடைசி வாரத்தில் பாலை மட்டும் காய்ச்சி வைத்தோம். சாமான் ஆடியில் போனது. அம்மா ஒத்துக்கொண்டாள், பால் காய்ச்சியதுதான் குடி போனதாகக் கணக்கு.

நாய்க்கு ஆள் முக்கியம், பூனைக்கு வீடு முக்கியம் என்பார்கள். பஞ்சுவைக் கூடையில் வைத்துக் கடைசி நடையில் கொண்டுபோய், ஒரே அறையில் மணல் தட்டும் பழைய சேலையும் போட்டுப் பதினைந்து நாள் அடைத்து வைத்தோம். முதல் நான்கு நாள் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. ராத்திரி சோறு மட்டும் குறைந்தது. பிறகு சரியாகிவிட்டது.

மணிதான் எதிர்பார்க்காத விதத்தில் கஷ்டப்பட்டான். வீட்டுக்குள் ஒன்றும் இல்லை. தெருவில் ஆறு நாய்கள். வீடு பார்க்கப் போன பகலில் எல்லாம் நிழலில் தூங்கிக் கிடந்தன, நாங்கள் கவனிக்கவில்லை. காலை ஐந்தரைக்கு அவனைச் சங்கிலியில் கூட்டிக்கொண்டு இறங்கினால் தெருமுனை வரைக்கும் விடாமல் துரத்தின. இரண்டு மாதம் மகன் கையில் கம்போடு கூடப் போனான். வீடு பார்க்கிறவர்கள் அதிகாலையிலும் ராத்திரி பத்து மணிக்கும் ஒரு தடவை அந்தத் தெருவில் நடந்து பார்க்க வேண்டும்.

பக்கத்து வீட்டில் ஒரு குறை வந்தது. நாங்கள் எல்லோரும் வெளியே போன நாளில் மணி ஊளையிட்டிருக்கிறான். இப்போது அம்மா வீட்டில் இல்லாத நாளில் நான் மதியம் ஒரு நடை வந்து போகிறேன். ஊளை நின்றுவிட்டது, அந்த வீட்டம்மா இன்னும் எங்களோடு பேசுவதில்லை.

பஞ்சு கொசுவலை ஒன்றைக் கிழித்தது, 850 ரூபாய் கொடுத்து மாற்றினோம். தை பிறந்து சார் வந்தார், ஒரு நாள் முன்னால் சொல்லிவிட்டுத்தான். கனகாம்பரப் பாத்தியை எட்டிப் பார்த்தார், கிணற்று மூடியைத் தட்டிப் பார்த்தார். மணியைப் புறவாசலில் கட்டியிருந்தோம், அவரைப் பார்த்துக் குரைத்தான். தட்டில் வைத்திருந்த பனங்கிழங்கில் ஒன்றை ஒடித்து அவன் பக்கம் போட்டுவிட்டு, அடுத்த வருஷம் ஐந்நூறு கூட்டித் தர முடியுமா என்று கேட்டார்.